வலம்புரி என்னும் கலைச்சொல்: ஒரு பொருண்மையியல் குறிப்பு

அமரவிளையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்குகின்றன. தமிழின் 'வலம்புரி' மலையாளத்தில் 'வலம்பிரி' ஆகும். முறுக்கு எனப் பொருள்படும் புரி, பிரி ஆகியவை ஓரினச் சொற்கள். பகரத்தை அடுத்த உயிர் மட்டுமே வேறுபடுகிறது. முறுக்குண்ட காய்களையுடைய செடியொன்றும் தமிழில் வலம்புரி எனவும் மலையாளத்தில் இடம்பிரி வலம்பிரி எனவும் பெயர் பெற்றுள்ளது. ஆதலின் இச்சொல் சங்குக்கே உரியதன்று. முறுக்கின் திசையைச் சுட்டுவது.

மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இத்திசையே. விலங்கியலார் நத்தையோட்டின் கூர்நுனி மேலிருக்க, வாய் தம்மை நோக்குமாறு வைத்துக் காண்பர். வாய் வலப்பக்கம் அமைந்தால் அது 'டெக்ஸ்ட்ரல்', இடப்பக்கமாயின் 'சினிஸ்ட்ரல்'. டர்பினெல்லா பைரம் என்னும் நம் சங்கு பெரும்பாலும் முதல் வகையினது. தமிழரோ அதனை இடம்புரி என்பர். அரிதாகக் கிடைக்கும் சினிஸ்ட்ரல் சங்கே வலம்புரி. கூர்நுனியைக் கீழாகக் கொண்டு நோக்கின் இடமும் வலமும் மாறிவிடுவதால், இரு வழக்கும் தம்மளவில் சரியானவையே.

குளிர்நீர்க் கடல்நத்தைகளாகிய நெப்டூனியா பேரினத்தைத் தமிழில் விளக்கும்போது இவ்வேறுபாடு சிக்கலாகிறது. வட அட்லாந்திக்கின் நெப்டூனியா ஆன்டிகுவா இயல்பாக டெக்ஸ்ட்ரல். நெப்டூனியா கான்ட்ரேரியா சினிஸ்ட்ரல். 'கான்ட்ரேரியா' என்னும் இலத்தீன் அடைக்கு 'எதிரானது' என்பது பொருள். சொல்லுக்குச் சொல்லாக அதனை 'இடம்புரி' எனப் பெயர்த்தால், சங்கறிந்தவர் எங்கும் கிடைக்கும் சுருளையே கருதுவர். எதிரானது என்னும் பெயர்க்காரணமே மறைந்துவிடும். வலவாய், இடவாய் என்பன கலைச்சொற்களாக ஏற்றவை. எனினும், கூர்நுனி மேலாக என்னும் வரையறையை அவற்றுக்கும் சேர்த்தே தருதல் வேண்டும்.