வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கணிப்பொறி கை கொடுக்குமா?

மாற்றலாகி வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். ஆங்கிலப் பாடத்தை வாசிக்கத் திணறினால் ‘மக்கு’ என்ற பட்டம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பெற்றோரும் பதறி, யாரோ சொன்ன மென்பொருளை வாங்கித் தருகிறார்கள். ஆனால் நோய் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

வாசிப்பில் இரண்டு திறமைகள் சேர்ந்துள்ளன என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலிப்பது ஒன்று. மொழியைப் புரிந்துகொள்வது மற்றொன்று. ஒன்று குறைந்தாலும் வாசிப்பு தடைப்படும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பத்தியை நீங்கள் உரக்கப் படியுங்கள். கேட்டால் புரிகிறது, தானாகப் படிக்க வரவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கடகடவென்று படித்துவிட்டுப் பொருள் கேட்டால் விழிக்கிறது என்றால் சிக்கல் மொழியில்.

எழுத்தில் சிக்கல் வருவது வியப்பல்ல. ஆங்கிலத்தில் ‘பட்’, ‘புட்’ இரண்டுக்கும் நடுவெழுத்து ‘யு’தான்; ஒலியோ வேறு. இதற்கு, பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் மென்பொருள் ஏற்றது. கூகுள் நிறுவனம் 2019-இல் ‘போலோ’ என்று வெளியிட்டு, 2020-இல் ‘ரீட் அலாங்’ எனப் பெயர் மாற்றிய செயலி இவ்வகை. பத்தாம் முறை தவறினாலும் இயந்திரம் அலுத்துக்கொள்ளாது, கேலி செய்யாது. கூச்சப்படும் பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதல்.

மொழியில் சிக்கல் என்றால் கதைகள் வேண்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. முதலில் தமிழில் படித்துக் காட்டுங்கள். பிறகு அதே கதையை ஆங்கிலத்தில் படிக்கட்டும். கதை தெரிந்திருப்பதால் புதிய சொற்களின் பொருள் எளிதில் பிடிபடும்.

தினம் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். தனியே விட்டால் பிள்ளை நட்சத்திரங்களைச் சேர்ப்பதற்காக விடையை ஊகித்துத் தட்டிக்கொண்டே போகும். ‘கதையில் என்ன நடந்தது?’ என்று கேட்க மனிதர்தான் வேண்டும்.

முறையாகக் கற்பித்தும் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துகள் பிடிபடவில்லையா? அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். மென்பொருளோடு நிறுத்தாமல் நிபுணரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அங்கீகரித்துள்ளது. சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தமிழில் கதை கேட்டுக் கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்குப் புரிந்துகொள்ளும் பழக்கம் ஏற்கெனவே வந்திருக்கும். இனி அது கற்க வேண்டியவை ஆங்கிலச் சொற்களும் எழுத்துகளும்தான்.