பார்த்துக்கொள்பவருக்கும் எழுபது வயது

சென்னையின் பாடியில் லூகாஸ் நிறுத்தத்தை ஒட்டிய தெருக்களில் ஆலைகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நிறைய. லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று 1960களில் வரிசையாக எழுந்த ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்த தலைமுறை. பிள்ளைகள் வேலைக்காக வெளியே போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது இருவர். ஒருவருக்கு டிமென்ஷியா வந்தால் மற்றவர்தான் நர்ஸ், சமையல்காரர், காவல்காரர். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயும் முன்பே “சோறு போடலையா?” என்று கேட்பவருக்கு, இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பார்த்துக்கொள்பவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1,221 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் ஒரு சங்கடமான செய்தியைச் சொன்னது: துணைக்கு டிமென்ஷியா வந்தவருக்கும் அது வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு. மன அழுத்தம்தான் காரணமா, இருவரும் பகிர்ந்துகொண்ட வாழ்க்கை முறையா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“மூளைக்குப் பயிற்சி கொடுங்கம்மா” என்று பிள்ளைகள் போனில் ஒரு விளையாட்டை இறக்கித் தருவது இந்தப் பயத்தில்தான். அதில் பாதி விற்பனைப் பேச்சு. லுமோசிட்டி என்ற நிறுவனம் முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்து, 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. மறுபக்கம், 2,802 முதியவர்களை வைத்து நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில், பகுத்தறியும் பயிற்சி, வேகப் பயிற்சி இரண்டின் பலனும் பத்தாண்டு கழித்தும் தெரிந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் நிற்கவில்லை. அதுவும் பயிற்றுநர் முன்னால் சிறு குழுவாக உட்கார்ந்து எடுத்த பயிற்சி. அடுப்பில் பால், கண் வாசல் கதவின் மேல் என்றிருப்பவர் தனியாகத் தட்டும் திரைக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமா?

எனக்கு அதிகம் பிடித்தது பிரிட்டனில் நடந்த இன்னொரு சோதனை. 356 ஜோடிகள், வாரம் மூன்று முறை, அரை மணி நேரம், பார்த்துக்கொள்பவரே நோயாளியோடு உட்கார்ந்து மூளையைத் தூண்டும் பேச்சு, விளையாட்டு போன்றவற்றில் ஈடுபட வேண்டும். 2017இல் முடிவு வந்தது. நோயாளியின் நினைவுத்திறன் கூடவில்லை. ஆனால் இருவரின் உறவு மேம்பட்டதாக நோயாளிகள் சொன்னார்கள். பார்த்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. இதன் மூலமான குழுச் சிகிச்சையைத் தமிழுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தது, டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு. அது இருக்கும் அண்ணா நகர் மேற்கு விரிவு, பாடிக்கு அடுத்த வீடு மாதிரி.

தானே படித்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐசப்போர்ட்’ இருக்கிறது: ஐந்து பகுதி, 23 பாடம். ஒரு பகுதி முழுக்கப் பார்த்துக்கொள்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றியது. நல்ல பாடம்தான். படிக்க அரை மணி நேரம் யார் தருவது? டேப்லெட் வாங்கித் தரும் மகன், வாரம் இரண்டு மதியம் அப்பாவோடு உட்காரட்டும். அவன் வெளிநாட்டில் என்றால் அந்த நேரத்துக்கு ஓர் ஆளை அமர்த்திச் சம்பளம் அனுப்பட்டும். அம்மா அப்போது குறுக்கெழுத்துப் போடுகிறாரா, திருவலிதாயம் கோயிலுக்கு நடந்து போகிறாரா, தூங்குகிறாரா என்பது அவர் பாடு.