விசா முடிந்தால் காப்பீடும் முடியும்

திருவண்ணாமலை பக்கத்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிற ஒருவரிடம் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் கம்பெனியே போட்டுடும்” என்பார். பொய்யில்லை. ஆனால் அது எவ்வளவு தொகை வரை, எந்த நாட்டுக்குள், எந்த நாள் வரை செல்லும் என்று பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் குறைவு. கூடுதலாக ஒரு பாலிசி தேவையா, தேவையென்றால் எங்கே எடுப்பது என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்கு முதலாளிதான் காப்பீடு எடுக்க வேண்டும். பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற எமிரேட்டுகளிலும் 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவில் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும்; அதுவும் ஒரு தடவைக்கு 500 திர்ஹாமுக்கு மேல் போகாது. பெரும்பாலானவர்களுக்கு அங்கே இது போதும். ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக அங்கேயே இன்னொரு பாலிசிக்குப் பணம் கட்டுவது அநேகமாக வீண்.

சிங்கப்பூரின் கதை வேறு. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலை 1 முதல் 15,000 டாலரிலிருந்து 60,000 டாலராக உயர்ந்தது. முதல் 15,000-ஐத் தாண்டிய செலவில் 25 சதவீதத்தை முதலாளி ஏற்க வேண்டும். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிற எஞ்சினியருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மெடிஷீல்ட் லைஃப் திட்டமும் அவருக்கு இல்லை. கட்டடத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் உத்தரவாதம் அதிகம் சம்பாதிக்கிறவருக்கு இல்லை என்பது வேடிக்கைதான். அங்கேயே கூடுதல் பாலிசி எடுக்க வேண்டிய தேவை உண்மையில் அவருக்குத்தான். வேலைக்கான கடிதத்தில் மருத்துவ வரம்பு எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டியவரும் அவரே.

நம் அரசு தரப்பிலும் ஒரு காப்பீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காமல், குடியேற்றச் சோதனை தேவைப்படும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். 2003-இல் வந்த திட்டம். வரி நீங்கலாக இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம்தான். இந்த விலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதை மருத்துவக் காப்பீடு என்று நம்பி இருந்துவிட முடியாது.

உண்மையான ஓட்டை இதிலெல்லாம் இல்லை. வேலை போய், விசா ரத்தாகி ஊர் திரும்பும் நாளில் கம்பெனிக் காப்பீடும் போய்விடுகிறது. இருபத்தைந்து வயதில் போனவர் நாற்பத்தெட்டில் சர்க்கரையோடும் பி.பி.யோடும் திரும்புகிறார். அப்போது இந்தியாவில் புதிதாகப் பாலிசி கேட்டால் பிரீமியம் ஏறியிருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று ஆண்டு, முன்பு நான்கு. இடைவிடாமல் ஐந்து ஆண்டு பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது.

இந்தியாவில் பாலிசி இருந்தால், இந்த மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டுக் கணக்கெல்லாம் நீங்கள் அபுதாபியில் இருந்தாலும் ஓடும். அதனால் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கட்டுப்படியாகும் கூடுதல் காப்பீடு என்பது, என் கணிப்பில், உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்தியாவில் தொடங்கி விடாமல் புதுப்பித்துவரும் பாலிசிதான். பெரும்பாலான இந்திய பாலிசிகள் இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். வெளிநாட்டில் இருக்கும்வரை கம்பெனி பார்த்துக்கொள்ளும். விடுமுறைக்கும் திரும்பிய பிறகான காலத்துக்கும் இந்த இந்திய பாலிசி.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. அடிப்படை பாலிசியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, மேலே ஒரு சூப்பர் டாப்-அப் போடுவது. அதில் ‘டிடக்டிபிள்’ என்று ஒரு தொகை இருக்கும். அதுவரை நாமோ அடிப்படை பாலிசியோ கட்ட வேண்டும். அது 5 லட்சம் என்று வையுங்கள். ஒரே ஆண்டில் முதல் தடவை 3 லட்சம், இரண்டாம் தடவை 4 லட்சம் ஆகிறது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 5 லட்சத்துக்கு மேற்பட்ட 2 லட்சத்தைத் தரும். வெறும் டாப்-அப் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியே பார்ப்பதால் ஒரு ரூபாய்கூடத் தராது. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ‘சூப்பர்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பா, அம்மாவை உங்களோடு ஒரே ஃபுளோட்டரில், அதாவது குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசியில், சேர்க்க வேண்டாம். அதில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அவர்களுக்குத் தனி பாலிசி நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தத் திட்டத்தின் அட்டை செல்லும். ஆனால் மாதாமாதம் வெளிநாட்டுப் பணம் வரும் வீடு அந்த வருமான வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால் அதையே நம்பியிருக்க முடியாது.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனால் சர்க்கரை, பி.பி. கேள்விகளுக்கு எதிரே ‘இல்லை’ என்று விழுந்திருக்கும். கிளெய்ம் போகும்போது அந்தக் காகிதம்தான் முதலில் வெளியே வரும். புதுப்பிக்கச் சொல்லி எஸ்.எம்.எஸ். ஊர் நம்பருக்குத்தான் போகும். அந்த சிம் துபாயில் அணைந்து கிடக்கும். கெடு தவறினால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுவது பத்திரம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். விடுமுறையின் கடைசி வாரத்தில் ஓடாமல் வந்த வாரமே எடுத்தால், மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாலும் போய்வர நாள் இருக்கும்.