உஷார்! நாள் பார்த்து நடக்கும் தம்பதிகளே, கணக்கு உங்கள் பக்கம் இல்லை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் குடும்பம் நடத்தும் இளம் தம்பதிகளே, உஷார்! "மாத்திரை சூடு, காப்பர்-டி பயம், நாங்க நாள் பார்த்து இருந்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் என்றால், மற்ற வேலையை அப்புறம் பாருங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நாள் பார்ப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. முறையாகக் கற்றுக்கொண்டு, இருவரும் ஒரே மனதாக நின்று, பல வருஷம் பிசகாமல் நடத்தியவர்கள் உண்டு. மாட்டிக்கொள்வது அரைகுறையாகப் பார்ப்பவர்கள்தான்.

பல வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய தேதிக்கு வட்டம், சீட்டுப் பணம் கட்டும் நாளுக்கு ஒரு கோடு. இவற்றுக்கு நடுவே, மாமியார் கண்ணில் படாத அளவுக்கு, பேனா முனையால் குத்திய ஒரு சின்னப் புள்ளி. அதுதான் தலைக்கு ஊற்றிய நாள். அங்கிருந்து விரல் விட்டு எண்ணி, "இன்னைக்குப் பரவாயில்ல" என்று தீர்மானிப்பவர் மனைவி. அப்படி ஒரு புள்ளி இருப்பதே கணவருக்குத் தெரியாது. வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

உஷார் 1: பக்கத்து மெஷின் அக்கா சொன்ன கணக்கு

"குளிச்ச கையோட இருந்தாத்தான் தங்கும், நடுவுல ஒண்ணும் ஆகாது." ஷூ கம்பெனி பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் கைமாறும் இந்தக் கணக்கு தலைகீழானது. பெரும்பாலோருக்குக் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் நடுவில்தான் வருகின்றன.

கருமுட்டையின் ஆயுள் ஒரு நாள். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 6 நாள் ஆபத்து. அந்த 6 நாள் எது என்பதில்தான் சிக்கல். ஜப்பானின் ஓகினோ 1924-லும், ஆஸ்திரியாவின் க்னாவுஸ் 1928-லும் சொன்னது, அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு முட்டை வெளியேறுகிறது என்பதை. அடுத்த விலக்கு எந்தத் தேதியில் வரும் என்று இன்றைக்கே யாரால் அடித்துச் சொல்ல முடியும்? 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால், கருத்தரிக்கும் நாட்கள் முழுதும் 10 முதல் 17-ஆம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு முன்னேயோ பின்னேயோ நீண்டது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வகுத்த எளிய முறை ஒன்று உண்டு. 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை, 12 நாள் விலகியிருக்க வேண்டும். எண்ணுவதற்கு நிறமணி மாலை. ஜார்க்கண்டில் இது 'மாலா சக்ரா' என்ற பெயரில் போனது. விதிப்படி நடந்தால் வருஷத்தில் 100 பேரில் 5 பேருக்குக் கரு தங்கும். நடைமுறையில் 12 பேருக்கு. அதுவும் சுற்று 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவர்களுக்கு மட்டும். தைராய்டு, நீர்க்கட்டி என்று மாதம் ஒரு தேதியில் விலக்காகிறவர்கள் இந்த மாலையைத் தொடவே கூடாது.

உஷார் 2: உடம்பு கேட்கும் நாளும் அதுவேதான்

கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். ஆசையை என்ன செய்வது?

காப்பர்-டி போட்டுக்கொண்ட, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. இவர்களுக்குக் கரு தங்கும் பயமும் கிடையாது, குழந்தைக்கான முயற்சியும் கிடையாது. அப்படியும், கருத்தரிக்கக்கூடிய அந்த 6 நாட்களில் தாம்பத்திய உறவு மற்ற நாட்களைவிட 24 சதவீதம் அதிகமாக இருந்தது. யாரும் தேதி பார்க்கவில்லை, உடம்பே தேதி பார்த்தது. நாள் பார்க்கும் முறை "விலகி இரு" என்று சொல்வதோ சரியாக அந்த நாட்களில்!

நம் முன்னோர் இதை வேறு கோணத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பூப்புக்குப் பின் 12 நாள் தலைவன் தலைவியைப் பிரிந்து இருக்கலாகாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். பிள்ளை வேண்டும் என்று அவர்கள் சேரச் சொன்ன நாட்களில்தான், பிள்ளை வேண்டாம் என்று நாம் விலகப் பார்க்கிறோம்.

விலகியிருப்பது நமக்குப் புதிதல்ல. ஆடி மாதம் புதுப்பெண் தாய்வீடு போகிறாள். சபரிமலைக்கு மாலை போட்டவர் விரதம் காக்கிறார். ரமலான் பகலில் நோன்பாளிகள் விலகியிருக்கிறார்கள். அதெல்லாம் ஊரறிந்த விரதம். வீடே துணை நிற்கும், முடிவு தேதியும் தெரியும். இதுவோ யாருக்கும் தெரியாமல் மாதாமாதம், ஒரே அறையில், ஒரே பாயில். கணக்கு அனுமதி தரும் நாள் வரும்போது அவளுக்கு இடுப்பு வலி, எரிச்சல், அடுத்த விலக்கின் அறிகுறி. வேண்டும் என்ற நாளில் தடை, வேண்டாம் என்ற நாளில் அனுமதி என்று வருஷக்கணக்கில் போனால் பேச்சு குறையும், முகம் சுளிக்கும், "உனக்கு என்மேல பிரியமே இல்ல" என்ற சண்டை வரும்.

இது புதுப் புகாரும் அல்ல. கருத்தடை பற்றி ஆராயக் கத்தோலிக்கத் திருச்சபை அமைத்த குழுவில் சிகாகோவைச் சேர்ந்த க்ரௌலி தம்பதி இருந்தார்கள். பல நாட்டுத் தம்பதிகளிடம் கேட்டு வாங்கிய அனுபவங்களை 1960-களின் நடுவில் அந்தக் குழுவின் முன் வைத்தார்கள். மாதாமாதம் பதற்றம், ஏக்கம், மனக்கசப்பு என்று எழுதியவர்கள் ஏராளம். 1966-ல் குழுவின் பெரும்பான்மையினர் விதியைத் தளர்த்தப் பரிந்துரைத்தார்கள். ஆனால் 1968-ல் போப் ஆறாம் பவுல் இயற்கை முறை மட்டுமே என்று முடித்துவிட்டார்.

உஷார் 3: தெரிந்தே தாண்டுகிறோம்

உலக சுகாதார நிறுவனம் 1970-களின் இறுதியில் 5 நகரங்களில் பில்லிங்ஸ் முறையைச் சோதித்தது. அதில் ஒன்று, ஆம்பூரில் ரயிலேறினால் போய் இறங்கும் பெங்களூரு. வெள்ளைப்படுதலின் தன்மையைப் பார்த்து நாள் அறியும் முறை இது. விதியை மீறாதவர்களில் வருஷத்துக்கு 100-க்கு 3 பேருக்குத்தான் கரு தங்கியது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 20-ஐத் தாண்டியது. பாதிக்கும் மேல் கற்றுக்கொடுத்ததை மறந்ததால் வந்தவை அல்ல; ஆபத்து நாள் என்று தெரிந்தும் சேர்ந்ததால் வந்தவை. அறிவுக் குறைவு என்று பழி போட வழியில்லை. ஆசை ஜெயித்தது, அவ்வளவுதான்.

இன்னும் முன்னால் போனால், காந்தியவாதியான சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காலத்தில், 1950-களின் தொடக்கத்தில், டெல்லி லோதி காலனியிலும் அன்றைய மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் நாள் எண்ணும் முறையைச் சோதித்தார்கள். ஆப்ரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் நிறமணி மாலை கொடுத்துப் பார்த்தார். அந்த முறை நாடு முழுவதற்குமான வழியாக வளரவில்லை.

உஷார் 4: லீவு காலண்டர் பார்த்து வருவதில்லை

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். பட்டாளத்தில் இருப்பவருக்கும் வளைகுடாவில் இருப்பவருக்கும் லீவு கிடைப்பது மேலதிகாரி கையில். பல மாதம் கழித்து வந்தவரிடம், "12 நாள் திண்ணையில படுங்க" என்று சொல்லும் வீடு எது? அவர் பெட்டியை இறக்குவதற்கு முன்பே வீட்டில் ஆணுறை இருக்கட்டும்.

உஷார் 5: தெர்மாமீட்டரும் ஃபோனும்

காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் உடல் வெப்பத்தைக் குறித்து வருவது இன்னொரு முறை. முட்டை வெளியான பிறகு வெப்பம் ஏறுவது செல்சியஸில் அரை டிகிரிக்குள்தான். அதற்கு நிம்மதியான தூக்கம் வேண்டும். விடியும் முன் எழுந்து, சோறு கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவருக்கு, அதுவும் வேலூர்க் கத்திரி வெயிலில், நடக்கிற காரியமா?

ஃபோனில் பச்சை நாள், சிவப்பு நாள் காட்டும் ஆப்களில் பல வெறும் சராசரிக் கணக்குதான் போடுகின்றன. வெப்பம் பார்த்துச் சொல்லும் 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' ஆப்பைக்கூட, "மிகத் துல்லியம்" என்று விளம்பரம் செய்ததற்காக 2018-ல் பிரிட்டன் விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டித்தது.

உஷார் 6: "பால் கொடுக்கிறேனே, தங்காது"

தங்காமல் இருக்க 3 நிபந்தனை உண்டு. குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் விலக்கு வந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு லைனுக்குத் திரும்பி, பவுடர் பால் ஆரம்பித்த அன்றே இந்தக் காவல் தளர்ந்துவிடும். முதல் முட்டை விலக்குக்கு முன்பே வெளியேறிவிடலாம். எண்ணத் தொடங்கப் புள்ளியே இருக்காது.

உஷார் 7: "வேண்டாம்" சொல்ல முடியாத வீடு

குடித்துவிட்டு வரும் கணவர், கேட்டால் கை ஓங்கும் கணவர், மறுத்தால் சந்தேகப்படும் கணவர். இப்படி ஒரு வீட்டில் இந்த முறை ஒரு மாதம்கூடத் தாங்காது. அவர் கையில் விடாத வழி உங்களுக்கு வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி, லக்னோ ஆய்வகத்தில் பிறந்த, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை, 10 வருஷம் காக்கும் காப்பர்-டி, மூன்றும் அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இலவசம்.

நாள் தள்ளிப்போனால்

கஷாயம், பப்பாளி, எள்ளுருண்டை என்று நாளைக் கடத்தாதீர்கள். உடனே சிறுநீர்ப் பரிசோதனை. தெரிந்த கடையில் சீட்டு இல்லாமல் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது உயிரோடு விளையாட்டு. கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து ரத்தம் உள்ளே கொட்டும்.

கருத்தடைக்காகக் கைக்கொண்ட எந்தச் சாதனமோ முறையோ தவறினாலும், 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தோடு கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவர் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை.

கணக்கு தவறிய மறுநாளே விழித்துக்கொண்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரகால மாத்திரை உண்டு. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது குதிரைக்கொம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதைப் போட்ட மாதம் சுற்று கலையும், பழைய கணக்கு செல்லாது.

சரி, என்னதான் செய்வது?

மதத்துக்காகவோ மனதுக்காகவோ நாள் பார்த்தே தீருவோம் என்பவர்கள், குறைந்தது 6 மாதம் விலக்குத் தேதிகளைக் குறித்து எடுத்துக்கொண்டு, இருவருமாக மருத்துவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். கணவர் தன் ஃபோனிலும் தேதியைக் குறிக்கட்டும். ஆபத்து நாட்களில் ஆணுறை போடலாமா, கூடாதா என்பதை நிதானமாக இருக்கும் நேரத்தில் முன்கூட்டியே பேசி முடியுங்கள். விலகியிருக்கும் நாளில் தொடுவது, பேசுவது, சேர்ந்து வெளியே போவது எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 57.8 சதவீத மனைவிமார் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் 1 சதவீதம்கூட இல்லை. ஆணுக்குச் செய்வது சின்ன சிகிச்சை, வயிற்றைத் திறக்கும் வேலையே கிடையாது. தகுதியுள்ள இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு அதற்கு 7 நாள் முழுச் சம்பள அளவுக்குப் பணமும் கிடைக்கும். தோல் கம்பெனி அண்ணன்மார்களே, இ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் விசாரியுங்கள்.