‘ஸ்ட்றைக்’: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்பொருள் மாற்றத்தை மொழியின் தன்னியல்பான அசைவாகக் கொள்ளும் நோக்கு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. பொருள் விரிதல், சுருங்குதல், உயர்தல், இழிதல் என வகைப்படுத்துவதோடு அந்நோக்கு அமைந்துவிடும். பொருளை மாற்றியவர் யாவர், எத்தேவை பற்றி மாற்றினர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. சொல்லும் வர்க்கப் போராட்டத்தின் களமே என்று 1929இல் ரஷ்ய அறிஞர் வலோஷினொவ் எடுத்துரைத்தார். அக்கருத்தின் வலிமையை, எம்மிடையேயும் சாதாரணமாக வழங்கும் ‘ஸ்ட்றைக்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

அடித்தல், தாக்குதல் என்பனவே இச்சொல்லின் முதற்பொருள் எனப் பலரும் கருதுவர். மணிக்கூடு அடிப்பதும், நாணயம் அடிப்பதும், விமானங்கள் குண்டு வீசித் தாக்குவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. எனவே தொழிலாளர் வேலையை நிறுத்துவதும் முதலாளிமீது விழும் அடியே என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகின்றது. வேலைநிறுத்தத்தை வன்முறையோடு இணைத்துப் பேசுவோருக்கு அது வசதியான எண்ணமுமாகும்.

சொல்லின் வரலாறோ வேறு கதையைக் கூறுகின்றது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குச் செல்லுதல், மெல்லத் தடவுதல் என்பனவே பொருள். அதற்கு இனமான ஜேர்மானியச் சொல் இன்றும் தடவுதலையும் பூசுதலையும் குறிக்கின்றது. அடித்தல் என்னும் பொருள் பின்னர் வளர்ந்ததாகும். கப்பலோட்டிகளின் வழக்கில் பாயைக் கீழிறக்குதல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு ஏற்பட்டது. கூடாரத்தைக் கழற்றுவதையும், நாடகம் முடிந்தபின் மேடையமைப்பை அகற்றுவதையும் ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லாற் குறிப்பதில் அப்பொருளின் சாயலைக் காணலாம்.

பாய் இறக்குதல் அக்காலத்திற் பணிவின் அடையாளமாகவும் இருந்தது. வலிய கப்பலைக் கண்ட மெலிய கப்பல் தன் பாயை இறக்கி மரியாதை செய்தது. தோற்ற கப்பல் சரணடைவதற்கும் அவ்வாறே செய்தது. இதனை மனங்கொண்டால், 1768ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தெளிவாக விளங்கும். உணவு விலை உயர்ந்து இலண்டன் உழைப்பாளர் கொந்தளித்திருந்த அவ்வாண்டிலே, கூலி உயர்வு கோரிய மாலுமிகள் தேம்ஸ் நதியில் நின்ற வணிகக் கப்பல்களின் பாய்களை இறக்கிப் பயணத்தைத் தடுத்தனர். வேலை செய்ய மறுத்தல் என்ற பொருளில் இவ்வினைச்சொல் எழுத்திற் பதிவாவதும் அவ்வாண்டிலேயே. கருவிகளைக் கீழே வைத்தலிலிருந்து இப்பொருள் பிறந்திருக்கலாம் என்போரும் உளர். எவ்விளக்கத்தை ஏற்பினும் ஓர் உண்மை மாறாது: இறக்கி வைத்தலே இங்கு அடிப்படை, அடித்தல் அன்று. மாலுமிகளிலிருந்தே இப்பொருள் பிறந்ததெனில், பணிவைக் குறித்த செயல் அவர்களது கையில் பணிய மறுப்பதைக் குறிப்பதாயிற்று.

கூலியை உயர்த்துவதற்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1799, 1800ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் குற்றமாக்கியது. அவை 1824இலேயே நீக்கப்பட்டன. ‘ஸ்ட்றைக்’ வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக 1810 அளவில், அதாவது இத்தடை நிலவிய காலத்திலேயே, பதிவாகின்றது. செயலைச் சட்டம் தடுத்தது. செயலின் பெயரோ வேரூன்றிற்று. கைத்தொழிற் புரட்சி பரவியபோது ஜேர்மானியர் இச்சொல்லையே தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

பிரெஞ்சு மொழி இதற்கு நல்லதோர் ஒப்புமை தருகின்றது. பாரிஸில் செய்ன் நதிக்கரையிலிருந்த ‘கிறேவ்’ சதுக்கத்திலே வேலையற்றோர் வேலை தேடிக் கூடுவர். ‘கிறேவில் இருத்தல்’ என்பது முதலில் வேலையின்றி நிற்பதைச் சுட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அதே தொடர் வேலை செய்ய மறுப்பதைச் சுட்டலாயிற்று. வேலை கிடையாதவரின் நிலையை உணர்த்திய சொல், வேலையைத் தாமே நிறுத்துவோரின் ஆற்றலை உணர்த்துவதாக மாறியது. இவ்விரு மொழிகளிலும் ஒரே திசையில் மாற்றம் நிகழ்ந்தமை தற்செயலன்று. உழைப்பை விற்பதன்றி வேறு வழியற்ற ஒரு வர்க்கம், அவ்வுழைப்பைக் கூட்டாக மறுக்கும் வலிமையைக் கண்டுகொண்ட காலமே இச்சொற்களின் பொருளை மாற்றியது.

இலங்கையில் 1893இல் கொழும்பு அச்சுத் தொழிலாளர் நடத்திய போராட்டம் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஆங்கிலச் சொல் பேச்சு வழக்கிற் கலந்தபோதும், தமிழ் தனக்கெனச் சொற்களை ஆக்கிக்கொண்டது. ‘பகிஷ்கரிப்பு’ புறத்தே ஒதுக்குதலைக் குறிப்பது. 1953 ஆகஸ்ட் 12இல் நாடு முழுவதும் ஒலித்த ‘ஹர்த்தால்’, கடைக்குப் பூட்டிடுதலைக் குறிக்கும் குஜராத்திச் சொல். ‘வேலைநிறுத்தம்’ என்பதோ தனித்து நோக்கத்தக்கது. ‘நிற்றல்’ தன்வினை, ‘நிறுத்துதல்’ பிறவினை. வேலை தானாக நிற்கவில்லை. நிறுத்துவோர் உளர் என்பதை அச்சொல்லின் இலக்கணமே அறிவிக்கின்றது.

ஆயினும் செய்தித்தாள்களில் வேலைநிறுத்தம் மழை வெள்ளம் போன்றதோர் இடையூறாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. ‘சேவைகள் ஸ்தம்பிதம்’ என்ற தலைப்பில் நிறுத்தியவரும் இல்லை, நிறுத்தியதற்கான காரணமும் இல்லை. சொல்லினுள் உறையும் மனிதரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றும் இவ்வழக்கினை இனங்காண்பது சொல்லாராய்ச்சியாளரின் கடமையுமாகும். பாயை இறக்கிய கைகளை மறந்துவிட்டுச் சொல்லின் பொருளை மட்டும் அகராதியிற் பதிவுசெய்தல் அரைகுறையான புலமையே.