நாலு எலுமிச்சம்பழமும் ஒரு சிவப்பு பல்பும்!

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைகளுக்கு, ‘நாளைக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட்’ என்பது ஞாபகம் வரும். உடனே அப்பாக்கள் ஸ்டேஷனரி கடைக்கு ஓடி ரெடிமேட் எரிமலை வாங்குவார்கள். பர்ஸுக்கு நஷ்டம், பிள்ளைக்கு லாபம் பூஜ்யம்!

என் சிபாரிசு, எலுமிச்சம்பழ பேட்டரி. பி.காம். படித்த எனக்கே புரிந்தது சார், உங்களுக்குப் புரியாதா?

நாலு பழம், துத்தநாகம் பூசிய நாலு ஜி.ஐ. ஆணி, பிளாஸ்டிக் உரித்த நாலு துண்டு செம்புக் கம்பி, கொஞ்சம் ஒயர், சின்ன சிவப்பு எல்.ஈ.டி. இவ்வளவுதான் முதலீடு. ஜூஸ் பிழிவதற்கு முன் செய்வது போலப் பழத்தை அழுத்தி உருட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி, ஒரு கம்பி. உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. முதல் பழத்தின் ஆணியை அடுத்த பழத்தின் செம்போடு ஒயரால் இணையுங்கள். இப்படியே வரிசையாக. மிஞ்சும் செம்பு எல்.ஈ.டி.யின் நீளக் காலுக்கு. மிஞ்சும் ஆணி குட்டைக் காலுக்கு.

ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். அதனால்தான் நாலு பழம். டார்ச் பல்பு மாட்டினால் எரியாது. வோல்ட் இருந்தாலும் வருகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் தேறுவதே கஷ்டம்.

எங்கள் வீட்டு ஆறாம் வகுப்பு மடக்கியது: “பழம் அப்படியேதானே இருக்கு? அப்ப கரண்ட் எங்கேர்ந்துப்பா வருது?”

“ஆணியிலேர்ந்தும்மா” என்றேன். துத்தநாகம்தான் முதலாளி. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எலெக்ட்ரான்களை ஒயர் வழியே செம்புக்கு அனுப்புகிறது. எலுமிச்சைச் சாறு வெறும் புரோக்கர்! 1800-ல் இத்தாலியின் வோல்ட்டா செய்த பேட்டரியில் பழமே கிடையாது. உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டைதான்.

உடனே சார்ட்டில் ‘பழம் தரும் மின்சாரம்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, ‘ஆணி தரும் மின்சாரம்’ என்று எழுதினாள். கடை எரிமலையில் இது கிடைக்குமா?

இரண்டே எச்சரிக்கை. அந்தப் பழத்தில் ஜூஸ் போடாதீர்கள், துத்தநாகம் கரைந்திருக்கும். அப்புறம், ஆணியைப் பிள்ளையே குத்தட்டும். எல்.ஈ.டி. மங்கலாகத்தான் எரியும். பிள்ளை ‘ரெடி’ என்றதும் ட்யூப்லைட்டை அணைப்பது மட்டும் அப்பாவின் டிபார்ட்மென்ட்!