பட்டாளத்து வண்டிகளுக்கு மறுவாழ்வு



தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால், லாலான் புல் மண்டிய மூலையில், துருப்பிடித்த வண்டி ஒன்று கிடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சக்கரம் இருக்காது. ஆசனத்தில் கோழி முட்டையிட்டிருக்கும். பழைய இரும்பு வாங்க வருபவர் அதை நிறுத்து, கிலோவுக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்து, லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த இரும்புக்குள் என்ன இருக்கிறது, அதை மீண்டும் ஓட வைக்க முடியுமா, அதற்காகச் சிலர் ஏன் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய இராணுவ வண்டிகளைச் சீர்செய்து சேர்த்து வைப்பவர்கள் பல்லாயிரம் பேர். ஆண்டுதோறும் ஜூன் 6-ஆம் தேதியை ஒட்டி, 1944-இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சு நாட்டு நார்மண்டிக் கடற்கரைக்கு அவர்கள் தங்கள் வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வரிசையில் அதிகம் தென்படுவது ஜீப். நம் பெரியவர்களுக்கும் நன்கு பழகிய வண்டி அதுவே. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மலாயாவுக்குத் திரும்பியபோது ஜீப்புகளும் உடன் வந்தன. பிறகு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், கம்பி வேலி போட்ட தோட்டங்களுக்குள் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் துரைமார் போய் வந்ததைப் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

ஜீப் பிறந்த கதை வேடிக்கையானது. 1940-இல் அமெரிக்க இராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, இலேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டு வர வேண்டும் என்று கேட்டது. பெரிய கம்பெனிகள் வாய் திறக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில், நொடித்துப் போகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனிதான் துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாள்களிலேயே வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடியும் நாளில், வண்டி இராணுவ முகாமுக்குள் ஓடி வந்தது.

பாண்டத்துக்கு அதனால் கிடைத்தது என்ன? இராணுவம் அந்த வரைபடத்தை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் காட்டிவிட்டது. வில்லிஸ் கம்பெனியின் இஞ்சின் 60 குதிரைத் திறன் கொண்டது, மற்றவற்றைவிட வலுவானது. ஆகவே பெரிய ஒப்பந்தம் வில்லிசுக்குப் போயிற்று. அது மட்டும் போதாது என்று ஃபோர்டும் அதே வண்டியைச் செய்து கொடுத்தது. 1945-க்குள் இருவருமாகச் சுமார் 6,40,000 ஜீப்புகள் செய்தார்கள். முதலில் செய்து காட்டிய பாண்டமோ மூவாயிரத்துக்கும் குறைவான வண்டிகளைச் செய்த பிறகு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் இழுவை வண்டி செய்வதோடு நின்றது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்.

இந்தக் கதையைத் தெரிந்துகொள்வதால் ஒரு பயனும் உண்டு. மூலையில் கிடக்கும் ஜீப் யார் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னும் கீழுமாகச் சட்டத்தின் குறுக்கே போகும் இரும்பைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் சட்டம். கவிழ்த்த பெட்டி போல் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் போல்ட்டுத் தலைகளிலும் பல உறுப்புகளிலும் 'எஃப்' என்ற எழுத்துப் பதிந்திருக்கும். முன்முகத் தகட்டில் ஒன்பது துளைகள் இருந்தால் போர்க்கால வண்டி. ஏழு இருந்தால் போருக்குப்பின் பொதுமக்களுக்காகச் செய்தது. முகவிளக்கு கீலில் திரும்பும். இருட்டில் இஞ்சினைப் பழுது பார்க்க விளக்கை அதன் பக்கமே திருப்பிவிடலாம். அந்தக் கீல் இன்னும் இருந்தால் வண்டியை அதிகம் பேர் கைவைத்துக் கெடுக்கவில்லை என்று கொள்ளலாம்.

சீர்செய்யும் வேலையில் பொறுமை இல்லாதவர்கள் முதல் வாரத்திலேயே தோற்றுப்போகிறார்கள். ஆர்வத்தில் ஒரே நாளில் அத்தனையையும் கழற்றிக் குவித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து எந்த நட்டு எங்கே போனது என்று தெரியாது. கழற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இந்தச் சீட்டு எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்; பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

நம் நாட்டு மழையில் இஞ்சின் இறுகிப்போயிருப்பது வழக்கம். இரும்புக் குழாயை மாட்டி முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளே உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். தினமும் ஒருமுறை கையால் மெல்ல அசைத்துப் பார்த்தால் போதும். கார்பரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். எரிபொருள் குழாயில் மண் அடைத்திருக்கும்.

துருவை நீக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த உறுப்பைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் மாட்ட வேண்டும். வேறொரு பழைய இரும்புத் துண்டைத் தொடாமல் தள்ளித் தொங்கவிட்டு, அதில் நேர்முனையை மாட்ட வேண்டும். முனையை மாற்றிக் கொடுத்தால் நல்ல உறுப்பே கரையத் தொடங்கும். ஓர் இரவில் துரு இளகி, தேய்த்தால் உதிரும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, தட்டு எதையும் நேர்முனையில் மாட்டக் கூடாது, நச்சுப்பொருள் உண்டாகும். அலுமினிய உறுப்பைச் சோடாத் தண்ணீரில் போட்டால் அரித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சாயத்தைத் தேய்க்கும் வேலை. மின்சாரக் கருவி வைத்து ஒரேயடியாகச் சுரண்டாமல், மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து விரலகலம் விரலகலமாகத் தேய்க்க வேண்டும். மேலே தோட்டம் அடித்த சாயம் வரும். அதற்குக் கீழே வேறொரு சாயம். அதற்கும் கீழே பட்டாளத்துப் பச்சை. அமெரிக்க ஜீப்பின் இஞ்சின் மூடிப் பக்கவாட்டில் 20 என்று தொடங்கும் எண் சில வேளைகளில் தெரியும். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியில் 'சி' என்ற எழுத்தோடு எண் தோன்றும். எண்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சிப்பாய் தூரிகையால் எழுதியது அது. பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கும்; நனைத்துத் தேய்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தூளைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் விடாதீர்கள். பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு.

உதிரி உறுப்புகள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஜீப்புக்குக் கிடைக்கின்றன. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸ் மக்கள் மிஞ்சிய ஜீப்புகளை நீட்டி, ஜீப்னி என்ற பயணி வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கைத்தொழில் வளர்ந்து, இன்று பழைய ஜீப்பின் உடல் தகடுகளையே அச்சு மாறாமல் புதிதாகச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால், பெட்டியில் அடைத்த புத்தம் புது ஜீப் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்கப் பத்திரிகைகளில் அப்படி விளம்பரம் வந்ததுண்டு. பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்ததோ, அரசாங்க ஏலத்தில் எப்படிக் கேட்பது என்று விளக்கும் சிறு புத்தகம்தான்.

தோட்டத்தில் கிடப்பது லேண்ட் ரோவராகவும் இருக்கலாம். அதுவும் ஜீப்பின் வழி வந்ததே. மாரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டில் தம் பண்ணையில் பட்டாளத்து ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதைப் பார்த்துச் செய்த வண்டி 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அப்போது இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் உடல் அப்படியே இருக்க, சட்டம் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கும். வாங்குவோர் மினுமினுப்பான மேல்தகட்டைப் பார்த்து ஏமாறாமல், குனிந்து அடியில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கூர்ந்து கேளுங்கள். என் பெரியப்பா தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன் ஒரு நாள், ஒழுகும் பெட்ரோல் தொட்டியைப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டி காலி, பல மாதமாகவே காலி. ஆகவே பயமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடமில்லை. காலித் தொட்டியிலோ ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாகவே நிற்கும். துருவின் இடுக்கில் ஊறிய பெட்ரோல், சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். பெரியப்பாவின் வலக்கண் அன்றே போயிற்று. இடக்கண்ணும் நாளடைவில் மங்கிவிட்டது. ஜீப்பின் பெட்ரோல் தொட்டி, ஓட்டுபவரின் ஆசனத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஒழுகினால் பற்றவைக்கவே நினைக்காதீர்கள். புதுத் தொட்டி மாற்றுங்கள், அல்லது அதற்கென்றே வசதி உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். அதேபோல, போர்க்காலச் சாமான் தேடிக் காட்டுக்குள் போகும் இளைஞர்கள் குண்டு போன்ற எதைக் கண்டாலும் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

பணம் போடும் முன் இன்னொன்று. பதிவு அட்டை இருக்கிறதா, அதில் உள்ள சட்ட எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுத் தெளிந்த பிறகே இறங்குங்கள். தோட்டத்து நிலத்தில் கிடப்பதெல்லாம் கேட்பாரற்ற பொருள் அல்ல. நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எடுத்துவந்து, பிறகு திருட்டுப் பழி சுமந்த பிள்ளைகள் உண்டு.

ஜீப்புக்குப் பணம் நிறைய வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிளே ஏற்றது. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் வீட்டில் பி.எஸ்.ஏ. எம் 20 ஒன்று, அவன் தாத்தா காலம் முதல் சமையற்கட்டின் பின்புறம் கிடந்தது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்ததுதான் அதன் சின்னம். போரின்போது தூதர்கள் செய்தி கொண்டு போக இந்த வகையில் சுமார் 1,26,000 வண்டிகள் செய்தார்கள். 496 சி.சி. கொண்ட ஒற்றைச் சிலிண்டர். 13 குதிரைத் திறன். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. ஆசனத்துக்கு மட்டும் உண்டு. வேகம் குறைவு, ஆனால் எளிதில் மனம் கோணாத வண்டி. மேக்னட்டோ தானே தீப்பொறி தருவதால் பேட்டரி இல்லாமலும் ஓடும்.

பையனின் தாயார் அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு அரிசிக் கடன் அடைக்கலாம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஓராண்டு தவணை கேட்டுக்கொண்டு, பெரியப்பாவை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது கிளம்பி, இரண்டு மைல் போனதும் நின்றுவிடுகிறது என்பதைக் கேட்டதுமே, மேக்னட்டோவுக்குள் உள்ள கண்டென்சர் சூட்டில் இறந்துபோகிறது என்று அவர் சொல்லிவிட்டார். பழைய மேக்னட்டோக்களுக்கு இது பொதுவான நோய். அந்தச் சின்ன உறுப்பை மாற்றப் பையன் நான்கு மாதம் காசு சேர்த்தான்.

உதைப்பதற்கு ஒரு முறை உண்டு. பல மாதம் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் அடியில் தேங்கியிருக்கும். முதலில் அதை வடிக்க வேண்டும். பெட்ரோலைத் திறந்து, கார்பரேட்டரின் குமிழை அழுத்த வேண்டும். கைப்பிடியில் உள்ள தீப்பொறி நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதை மறந்தால் உதைகோல் திருப்பி அடித்துக் கணுக்காலை முறித்துவிடும். வால்வு தூக்கும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியைச் சற்றுத் தாண்டி நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் உதைக்க வேண்டும். பெரியப்பா தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, பையன் செய்தான். தாயார் வாசற்படியில் நின்று பார்த்தார். மூன்று உதைக்கு ஒன்றுமில்லை. நான்காவதில் புகை வந்தது. "நெம்புகோலைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வா தம்பி," என்றார் பெரியப்பா. ஐந்தாவதில் ஓடியது.